கழுவுவதற்கு முன் ஒரு ஹாரன்

நான் வேலை பார்த்த பஸ் கம்பெனியின் ஷெட் வாசலில் சமீபத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். 'இங்கே ஹாரன் அடிக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது, அதனால் நியாயமான பலகைதான். ஆனால் சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்புகிற பஸ் ஒவ்வொன்றும் அந்தப் பலகைக்கு நேர் எதிரே நின்று ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. புதிதாக வந்திருக்கும் மேனேஜர் டிரைவர்களைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். "அது வழக்கம் சார்" என்றிருக்கிறார்கள். யார் ஆரம்பித்த வழக்கம், எதற்காக என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்காகத்தான் ஷெட்டின் இப்போதைய எலக்ட்ரீஷியன்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"பாய், இந்த வாசல் ஹாரன் விவகாரம் உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லுதாவ. மேனேஜர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"தெரியும். உக்காருங்க, டீ வருது" என்றேன்.

டீ வந்தது. கதையும் நன்றாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் இரண்டு பேருக்கும் மாறி மாறிப் போன் வந்து, "பொறவு வாரோம் பாய்" என்று எழுந்து போய்விட்டார்கள். பிறகு வரவே இல்லை. ஆரம்பித்த கதையைப் பாதியில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பீர் முகம்மது. ஷெட்டில் எல்லோருக்கும் பீரு. என் வாப்பா கோவில்பட்டி பஜாரில் கல்யாணங்களுக்கும் சப்பரங்களுக்கும் காஸ் லைட் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். ஊருக்குள் கரண்ட் பரவப் பரவ எங்கள் கடையில் வெளிச்சம் குறைந்தது. "எது நம்ம பொழைப்பைக் கெடுத்துச்சோ அதையே போய்ப் படிச்சிட்டு வா" என்று சொல்லி என்னை மதுரையில் ஒரு டைனமோ பட்டறையில் சேர்த்துவிட்டார். அங்கே கற்றதும் அடி வாங்கியதும் ஏறக்குறைய சம அளவு. அதை விவரித்தால் இந்தக் கட்டுரை நகராது. ஐம்பதுகளின் நடுவில் கோவில்பட்டிக்குத் திரும்பி இந்த ஷெட்டில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை வேறு வாசல் மிதிக்கவில்லை.

ஷெட்டுக்குப் போர்மேன் ரெங்கசாமி நாயக்கர். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. ஷெட்டில் அவர் தெலுங்கில் சொல்வது ஒரே ஒரு சொல்தான். 'ஆகு' என்பார். நில்லு என்று அர்த்தம். அவர் 'ஆகு' என்றால் சுத்தியலைத் தூக்கினவன் தூக்கின நிலையிலேயே நிற்பான். எந்த ரிப்பேரையும் முடித்துவிட்டு 'சரியாயிட்டு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இப்போதைக்கு ஓடும்" என்பார். ஹாரனாக இருந்தால், "இப்போதைக்குச் சத்தம் வருது." வண்டி கொண்டுவருகிறவரிடம் என்ன ரிப்பேர் என்று முதலில் கேட்க மாட்டார். "எப்பம் வர மாட்டேங்கு? காலைலயா, மத்தியானமா? மேட்டுலயா, பள்ளத்துலயா?" என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிப்பார்.

அவர் போட்டிருந்த சட்டம் ஒன்று உண்டு. கழுவாத வண்டியில் கை வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கம் போய் வருகிற பஸ்ஸின் அடிவயிற்றில் ஒரு மரக்கால் மண் அப்பியிருக்கும். காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு கழற்றினால் ஸ்பானர் பிடிக்காது, மண் பேரிங்குக்குள் விழும். ஷெட்டில் உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பஸ் குளிக்கத் தண்ணீர் உண்டு. வண்டி வந்ததும் முதலில் குளிப்பாட்டு, பிறகு சாயங்கால வேலை. நல்ல சட்டம்தான். நான் இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஹாரன் ரிப்பேர் அந்தக் காலத்தில் தினப்படி. ஹாரன் இல்லாமல் எங்கள் ரோட்டில் ஓட்ட முடியாது. ஆடு, மாடு, பருத்தி வண்டி, நடு ரோட்டில் காயப்போட்ட கம்பு, அதற்குக் காவலாகப் படுத்திருக்கும் கிழவர் எல்லாம் ஹாரனுக்குத்தான் எழுந்திருக்கும். கம்பெனி பஸ்கள் போக, வெளியார் பிளஷர் கார்களும் எங்கள் ஷெட்டுக்கு வரும். எட்டயபுரத்து டாக்டர் ஒருவரின் கார் ஹாரன் ஜலதோஷம் பிடித்தது மாதிரி முனகியது. கழற்றிப் பார்த்தால் ஹாரனின் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. பஞ்சு வியாபாரி ஒருவருடைய காரின் ஹாரன் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஊமையாகிவிட்டது. பூஜைக்காக அவருடைய டிரைவர் பக்தியோடு ஹாரன் தாங்கியிலிருந்து போல்ட் வரை எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். அந்த ஹாரனிலிருந்து கரண்ட் எர்த்துக்குத் திரும்புகிற வழியே அந்தத் தாங்கிதான். பெயிண்டைச் சுரண்டினதும் கத்தியது. "சாமி பேரைச் சொல்லி வாயை அடைச்சிட்டீரே" என்று நாயக்கர் அவரைக் கேலி செய்தார்.

இவை சிரித்துவிட்டுப் போகிற ரிப்பேர்கள். சுப்பையா அண்ணாச்சியின் பஸ் ஹாரன் அப்படிப்பட்டது அல்ல.

சுப்பையா அண்ணாச்சி நாகலாபுரம் பஸ்ஸின் டிரைவர். அவருக்குச் சொந்த ஊரும் அந்த ரோட்டின் மேலேயே, நாகலாபுரத்துக்குச் சற்று முன்னால். சம்சாரி, அதாவது விவசாயி வீட்டுப் பிள்ளை. குடிக்க மாட்டார், வெற்றிலை கூடப் போட மாட்டார். நல்ல உயரம், சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் குனிந்தே ஓட்டுவார். அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு தை மாதம், மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கின நாட்களில், அவர் வந்து சொன்னார்.

"ஏலே பீரு, ஹாரன் சில நேரம் கத்த மாட்டேங்கு. என்னன்னு பாரு."

பஸ்ஸைக் கழுவினார்கள். நான் ஏறி அமுக்கினேன். ஷெட்டே அதிரும்படி கத்தியது. இருந்தாலும் ஃப்யூஸைப் பார்த்தேன், ஹாரனைத் திறந்து பாயிண்டைத் தேய்த்து மாட்டினேன். சில நாட்களில் திரும்பவும் அதே புகார். கழுவி, அமுக்கினால் கத்துகிறது. ஸ்டியரிங் நடுவில் உள்ள பொத்தானையே மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். இந்தத் தடவை நாயக்கரே விசாரித்தார்.

"எப்பம் வர மாட்டேங்கு, சுப்பையா?"

"திரும்பி வரும்போது அண்ணாச்சி. மத்தியானத்துக்கு மேல. எல்லா நாளும் இல்ல."

நாயக்கர் ஒரு நாள் காலை டிரிப்பில் தானே ஏறிப் போனார். விளாத்திகுளம் வரைக்கும் ஹாரன் பிசகில்லாமல் கத்திக்கொண்டே போயிருக்கிறது. ஷெட்டில் வேலை கிடந்ததால் அங்கே இறங்கி எதிர் பஸ்ஸில் வந்துவிட்டார். "இப்போதைக்குச் சத்தம் வருது" என்று சொல்லிவிட்டார். ஷெட்டில் எங்களுக்கு வாய் சும்மா இருக்குமா? சுப்பையா அண்ணாச்சிக்குக் காது அடைத்திருக்கிறது, மாமியார் வீட்டில் காதுக்கு எண்ணெய் விடவில்லை என்று கேலி பேசினோம். நானும் பேசினேன். அவரும் சிரித்தார்.

மாசியில் அது நடந்தது. நாகலாபுரத்திலிருந்து திரும்புகிற மத்தியான டிரிப். அவருடைய ஊர் தாண்டி ரோடு வளைகிற இடத்தில் உடைமரங்கள் அடர்ந்து நிற்கும். மறுபக்கம் என்ன வருகிறதென்று தெரியாது. எந்த டிரைவரும் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டேதான் திரும்புவான். அன்றைக்கு மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு செம்மறிக் கிடையே ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அமுக்கியிருக்கிறார். சத்தம் வரவில்லை. வளைவில் ஆடுகளைப் பார்த்ததும் பஸ்ஸைப் பருத்திக்காட்டுக்குள் இறக்கிவிட்டார். அப்படியும் சில ஆடுகள் செத்துப்போயின. ஆட்டுக்காரர் சாய்ந்து விழுந்து கை முறிந்தது. பஸ்ஸுக்குள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததில் காயம் படாதவர்கள் குறைவு. உயிருக்கு ஆபத்து இல்லை என்பது ஆண்டவன் புண்ணியம்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "ஹாரனே அடிக்கல, தூங்கிட்டாரு" என்பதுதான். ஆட்டுக்காரர் அண்ணாச்சிக்குப் பக்கத்துத் தெருக்காரர். அவரும் அதையேதான் சொன்னார்.

பஸ்ஸை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுவினார்கள். முதலாளியே வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். ஹாரன் கத்தின கத்தில் வேப்பமரத்துக் காக்காயெல்லாம் எழுந்து பறந்தன. கீழே நின்ற சுப்பையா அண்ணாச்சியின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அந்த முகத்தைப் பற்றி எழுத எனக்கு வராது.

முதலாளி நல்ல மனிதர், கொஞ்சம் படபடப்பு. கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"சுப்பையா, மனுசன்னா கண் அசரத்தான் செய்யும். தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும். நான் மன்னிச்சு வச்சுக்கிடுதேன். ஹாரன் மேல பழியப் போடாதீரும்."

"தூங்கல முதலாளி. அமுக்குனேன், கத்தல."

"இப்பம் கத்துச்சா, கத்தலையா?"

"இப்பம் கத்துச்சு. அப்பம் கத்தல."

நாங்கள் எல்லோரும் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கெஞ்சினோம். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் மறுநாளே ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அவர் கேட்கவில்லை. "நான் பொறந்த ஊரு வழியா தினமும் ஓட்டணும்ல. தூங்குனவன்னு நானே ஒத்துக்கிட்டா அந்த ஊருக்காரன் எவன் என் பஸ்ஸுல ஏறுவான்?" என்றார். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. பங்குனி உத்திரம் முடியும்வரை ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டு இருக்கட்டும், அதற்குள் மனம் மாறினால் சரி, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கூடவே, முன்ஜாக்கிரதையாக எல்லா ரூட் பஸ்ஸிலும் பழைய ரப்பர்ப் பந்து ஹாரனும் ஒன்று மாட்டச் சொன்னார். நாகலாபுரம் பஸ்ஸுக்கு வந்த புது டிரைவர் பயந்த சுபாவம். அந்தப் பந்தைத்தான் வழி நெடுக அமுக்கிக்கொண்டு போவார். கரண்டு ஹாரனைத் தொடவே மாட்டார்.

அத்தனை உயர மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் தேங்காய் நாருமாகப் பஸ்ஸுக்கு அடியில் புகுந்து கழுவுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கேலி பேசின வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

ஒரு நாள் நான் கைகழுவக் கிணற்றடிக்குப் போனபோது கூப்பிட்டார்.

"பீரு, ஒரு காரியம் செய்யுதியா? சாயங்காலம் நாகலாபுரம் பஸ் வரும்போது நீ இங்கன வந்து நில்லு. நான் பஸ் கிட்டயே வர மாட்டேன், தள்ளி நிக்கேன். நான் கழுவுறதுக்கு முந்தி நீயே ஏறி அமுக்கிப் பாரு."

"ஏன் அண்ணாச்சி, என்ன?"

"சீட்டத் துடைக்க ஏறும்போது பழக்க தோசத்துல கை பொத்தானுக்குப் போயிட்டு. சத்தம் இல்ல. கழுவி முடிச்சிட்டு அமுக்குனேன், கத்துது. மறுநாளும் பாத்தேன். கழுவுறதுக்கு முந்தி இல்ல, கழுவுன பொறவு இருக்கு. நானே போய்ச் சொன்னா, 'நீரே ஒயரக் கழட்டி மாட்டுதீரா'ன்னு கேப்பாவ. நீ பாத்துச் சொல்லு."

எனக்குப் பாதி நம்பிக்கைதான். தண்ணீர் பட்டால் ஹாரன் கெடும் என்று படித்திருக்கிறேன். தண்ணீர் பட்டால் ஹாரன் பிழைக்கும் என்று எந்தப் பட்டறையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் போய் நின்றேன். பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள். அண்ணாச்சி வாளியோடு கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் ஏறிப் பொத்தானை அமுக்கினேன்.

சத்தம் இல்லை. திரும்ப அமுக்கினேன். ஒன்றுமே இல்லை. கத்தாத ஹாரனைக் கண்டு சந்தோஷப்பட்ட எலக்ட்ரீஷியன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இறங்கி ஓடிப்போய் நாயக்கரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் அமுக்கிப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணாச்சியைப் பார்த்து, "ஆகு" என்றார். "கழுவாதீரும்."

'கழுவாதீரும்' என்று அவர் வாயிலிருந்து ஷெட் அதற்கு முன் கேட்டதில்லை. 

வழக்கப்படி பார்த்தோம். பேட்டரியிலிருந்து கரண்ட் ஃப்யூஸ் வழியாக ஹாரனுக்குப் போகும். ஹாரனிலிருந்து இன்னொரு ஒயர் ஸ்டியரிங் பொத்தானுக்கு வரும். பொத்தானை அமுக்கினால் எர்த் கிடைத்து ஹாரன் கத்தும். எங்களிடம் மீட்டர் கிடையாது. ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருப்போம். ஒரு நுனியைப் பஸ்ஸின் இரும்பு அடிச்சட்டமான சேஸில் தொடுவது, மற்ற நுனியைப் பார்க்க வேண்டிய இடத்தில் தொடுவது. கரண்ட் இருந்தால் பல்பு எரியும். ஃப்யூஸில் தொட்டேன், எரிந்தது. ஹாரனில் தொட்டேன், எரியவில்லை. ஆக, ஃப்யூஸுக்கும் ஹாரனுக்கும் நடுவில் கரண்ட் எங்கோ நின்றுபோகிறது.

அந்த ஒயர் சேஸை ஒட்டி, முன் சக்கரத்துக்கு உள்பக்கமாகப் போகிறது. நான் மல்லாந்து படுத்து, பல்பின் ஒரு நுனியில் குண்டூசியைக் கட்டி, ஒயரின் தோலில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். எரிகிறது, எரிகிறது. முன் சக்கரத்துக்கு மேலே ஒயர் ஒரு மூலையில் மடங்கித் திரும்புகிறது. மழைக்காலத்தில் சக்கரம் வாரி அடித்த கரிசல் மண் அந்த மூலையில் ஒயரையும் விழுங்கி, தேங்காய் அளவுக்குக் கட்டிதட்டிப்போய் இருந்தது. மேலாகத் தண்ணீர் விட்டால் கரைகிற மண் இல்லை அது. மண்ணுக்கு இந்தப் பக்கம் குத்தினால் எரிகிறது. அந்தப் பக்கம் குத்தினால் எரியவில்லை. மண் கட்டி வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்திருந்தது, கோடையில் எங்கள் காடுகள் வெடிக்கிற மாதிரியே.

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்து மண்ணைப் பெயர்க்கப் போனேன்.

"ஆகு!" நாயக்கர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அதப் பேத்துட்டா சுப்பையாவுக்குச் சாட்சி யாருல? முதலாளி பாக்கணும்."

மறுநாள் நாயக்கர் அந்தப் பஸ்ஸை ரூட்டில் விடவில்லை. கழுவவும் இல்லை. வெயிலில் நிறுத்திவைத்தார். மத்தியானம் முதலாளியை அழைத்துவரச் சொன்னார். ஷெட்டில் அத்தனை பேரும் கூடிவிட்டோம்.

"நீங்களே ஏறி அமுக்குங்க" என்றார் நாயக்கர். முதலாளி அமுக்கினார். சத்தம் இல்லை. முகம் மாறியது. ஆனாலும், "இன்னைக்குக் கெட்டிருக்கு. அதுக்கு என்ன?" என்றார்.

நாயக்கர் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் குனிந்து, அந்த மண் கட்டியின் மேல் மட்டும் மெல்ல ஊற்றினார். "இப்பம் அமுக்குங்க."

சத்தம் இல்லை.

நாயக்கர் நெற்றியில் வேர்வை. இன்னொரு தடவை அமுக்கினார் முதலாளி, இல்லை. "என்னய்யா வித்தை காட்டுதீரு?" என்று சீட்டை விட்டு எழுந்திருக்கப் போனார். அதுவரை ஒதுங்கி நின்ற சுப்பையா அண்ணாச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. கரிசல் மண்ணு. குடிச்சு உப்ப நேரம் ஆகும். நானும் பஸ் முழுக்கக் கழுவி முடிச்ச பொறவுதான் அமுக்குவேன்."

சம்சாரி வீட்டுப் பிள்ளை சொல்கிறார், முதலாளிக்கும் கரிசல் நிலம் உண்டு. எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியே இன்னொரு செம்புத் தண்ணீர் விட்டார். முதலாளிக்கு டீ வாங்கி வரச் சொன்னோம். வந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே குடித்தார். நான் கீழே குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப்பெல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலாளி பொத்தானில் கை வைத்தார்.

ஹாரன் கத்தியது.

கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார் மனிதர். ஷெட்டில் சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுப்பையா அண்ணாச்சி மட்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நாயக்கர் மண்ணைப் பெயர்க்க விட்டார். ஒயரை வெட்டி எடுத்தேன். மேலே நூல் பின்னல் முழுசாகத்தான் இருந்தது. கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி மடிப்பில் முறிந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. மண் ஈரத்தில் உப்பினால் நாலு பக்கமும் நெருக்கி இரண்டு துண்டையும் சேர்த்துவிடும், கரண்ட் போகும். காலையில் ஷெட்டிலிருந்து ஈரத்தோடு கிளம்புகிற பஸ்ஸுக்கு மத்தியானம்வரை ஹாரன் உண்டு. வெயிலில் மண் சுருங்கி வெடித்தால் துண்டுகள் விலகிவிடும். திரும்புகிற டிரிப்பில் ஹாரன் இல்லை. சாயங்காலம் நாங்கள் மறுபடி குளிப்பாட்டிவிட்டுத்தான் சோதிப்போம்.

நாயக்கர் முதலாளியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சுப்பையா மேல தப்பில்ல, பீரு பார்த்த வேலையிலயும் தப்பில்ல. கழுவாம தொடக் கூடாதுன்னு நான் போட்ட சட்டம்தான் இத்தனை நாளா இந்தக் கோளாற மறைச்சிக்கிட்டு இருந்திருக்கு." அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை நான் இன்றைக்கும் தொழுகையில் நினைத்துக்கொள்கிறேன்.

முதலாளி சாவியை எடுத்து நீட்டினார். "வாங்கிக்கிடும் சுப்பையா. நான் பேசுனத மனசுல வைக்காதீரும்."

அண்ணாச்சி உடனே வாங்கவில்லை. "முதலாளி, எங்க ஊரு ஆட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு."

மறுநாள் அவர் ஓட்டின முதல் டிரிப்பில் நாயக்கரும் நானும் ஏறிப் போனோம். நாயக்கரின் சட்டைப் பையில் அந்த முறிந்த ஒயர். அண்ணாச்சியின் ஊரில் இறங்கி, கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரரிடம் ஒயரைக் கொடுத்து நாயக்கர் பொறுமையாக விளக்கினார். அவர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்:

"ஆடு போனது போச்சு சுப்பையா, அது மறந்துரும். நம்ம ஊரு ரோட்டுல நீ தூங்கிட்டியேன்னுதான் எனக்கு ஆறவே இல்ல. உள்ள வா, மோர் குடிச்சிட்டுப் போ."

பஸ்ஸில் ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி உள்ளே போய் மோர் குடித்துவிட்டுத்தான் வந்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பினதும் நாயக்கர் தன் சட்டத்தைத் திருத்தினார். எந்த வண்டியும் ஷெட் வாசலில் நின்று ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். சத்தம் வருகிறதா என்று எலக்ட்ரீஷியன் உள்ளிருந்து கேட்க வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர். அந்த வாசல் ஹாரனின் கதை இவ்வளவுதான். மேனேஜருக்கு இதில் ஒரு பாதியாவது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதானே பஸ்கள் திரும்புகின்றன. ஒரு அமுக்கு அமுக்கினால் பலகை கோபித்துக்கொள்ளாது.

நான் சுப்பையா அண்ணாச்சிக்குப் பட்டிருக்கும் கடன் பெரிசு. அன்றைக்கு நாங்கள் கெஞ்சினபடி அவர் 'தூங்கிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஒயர் முறிந்தபடியே கிடந்திருக்கும். அடுத்த வளைவில் ஆட்டுக்குப் பதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். நானும், கழுவின வண்டியில் ஹாரன் கத்தினால் போதும் என்று நம்பிக்கொண்டே கிழவனாகியிருப்பேன். அதன் பிறகு என் வேலைக்காலம் முழுக்க, 'இல்லை, அப்போது கத்தவில்லை' என்று எந்த டிரைவர் சொன்னாலும் முதலில் அவரை நம்பினேன். ஒன்றிரண்டு பேர் என்னை ஏமாற்றியும் இருக்கிறார்கள். பரவாயில்லை.

அண்ணாச்சி ஓய்வு பெறும்வரை நாகலாபுரம் ரோட்டில்தான் ஓட்டினார். தினமும் சாயங்காலம் வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஒரு ஹாரன் அடிப்பார். சட்டம் அதோடு சரி. அவர் மட்டும் கூடுதலாக ஜன்னலில் தலையை நீட்டிச் சத்தம் போடுவார்:

"ஏலே பீரு, கேட்டுச்சா?"

நான் எந்த வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தாலும் பதில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பஸ் உள்ளே வராது. பின்னால் நிற்கிற பஸ்களெல்லாம் கத்தும், மனிதர் அசைய மாட்டார்.

அவர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. என் வீடு ஷெட்டுக்குப் பின் தெருவில். எனக்கு இப்போது காது முன்னைப்போல இல்லை, வாசலில் யாராவது கூப்பிட்டால் என் வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும். ஆனால் சாயங்காலம் பொழுது இறங்க முதல் பஸ் திரும்பி அந்த ஒரு ஹாரனை அடிக்கும்போது எனக்குத் தெரிந்துவிடும். நேற்றும் அப்படித்தான். அடுப்படியில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "யாருக்குப் பதில் சொல்லுதீங்க? இங்கன ஒருத்தரும் இல்லையே" என்றாள்.

என்னை அறியாமல் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்:

"கேட்டுச்சு அண்ணாச்சி."